வலிமா பிரியாணியும் ஒரு கேள்விக்குறியும்

போன ஞாயிற்றுக்கிழமை தேர்தல் பறக்கும் படை ஒரு வேன் நிறையப் பிரியாணியைப் பிடித்தது. பிரியாணியோடு சேர்த்து என்னையும்.

சிரிக்காதீர்கள். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

சேரன்மகாதேவியில் நண்பர் மகனுக்கு வலிமா. கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் விருந்து. அதற்குப் போவதற்காக மேலப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். யாரோ ஒரு தலைவர் வருகிறார் என்று பஸ்களை எங்கேயோ திருப்பிவிட்டிருந்தார்கள். எங்கே என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. மண்டையைப் பிளக்கும் வெயில். காதருகே ஒரு பிரசார ஆட்டோ, 'உங்கள் வீட்டுப் பிள்ளை, உங்கள் வீட்டுப் பிள்ளை' என்று அலறிக்கொண்டிருந்தது. என் வீட்டுப் பிள்ளை இப்படிக் கத்தினால் இரண்டு அறை விட்டிருப்பேன். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. எடுத்தால், "வணக்கம், நான் உங்கள் வேட்பாளர் பேசுகிறேன்..." பதிவு செய்த குரல். நான் திட்டியது அவருக்குக் கேட்டிருக்காது என்பதுதான் வருத்தம்.

அப்போதுதான் காசிம் பாயின் திறந்த சரக்கு வேன் வந்து நின்றது. காசிம் பாய் மேலப்பாளையத்தில் கல்யாணச் சமையல் செய்கிறவர். என் மகள் கல்யாண வரவேற்புக்கும் அவர்தான் சமைத்தார். அன்றைய வலிமாவுக்கும் அவர் பிரியாணிதான். மண்டபத்துச் சமையலறையில் ஏதோ மராமத்து வேலை. அதனால் வீட்டுப் பின்னால் இருக்கும் கொட்டகையிலேயே சமைத்து, தேக்சா என்னும் பெரிய பாத்திரங்களுக்குத் தம் போட்டு, வேனில் ஏற்றிக்கொண்டு போனார்.

"ஏறுங்க அண்ணாச்சி. சோறும் அங்கனதான் போகுது, நீங்களும் அங்கனதான் போறீய."

ஏறினேன். இதுவரை எல்லாம் சரி. தப்பு எங்கே நடந்தது தெரியுமா? பாத்திரங்கள் மேல் தூசி படாமலிருக்க காசிம் பாய் ஒரு பழைய பிளெக்ஸ் பேனரைப் போர்த்திக் கட்டியிருந்தார்.

நம் ஊரில் தேர்தல் முடிந்ததும் பிளெக்ஸ்கள் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா? மாட்டுத் தொழுவத்துக்குக் கூரை ஆகும். விறகுக்கு மூடாக்கு ஆகும். நெல் காயப்போட விரிப்பு ஆகும். நம் தலைவர்களில் சிலர் ஐந்து வருடத்தில் ஊருக்குச் செய்கிற ஒரே உருப்படியான காரியம் அதுதான்!

பேனரின் படம் போட்ட பக்கம் உள்ளேதான் இருந்தது. பத்தமடையை நெருங்கும்போது காற்றில் கயிறு அவிழ்ந்து, ஒரு பாதி புரண்டு மேலே வந்துவிட்டது. எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய மனிதர் இரண்டு கைகளையும் கூப்பிச் சிரித்துக்கொண்டு வருகிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. சோதனைச் சாவடியில் நின்ற பறக்கும் படைக்குத் தெரிந்துவிட்டது.

"என்னய்யா இது?" என்றார் அதிகாரி.

"சோறு சார்."

"அது வாசனையிலேயே தெரியுது. இவரு யாரு?"

காசிம் பாய் இறங்கிப் போய், அப்போதுதான் முதல்முறையாக அந்த முகத்தைக் கவனித்துப் பார்த்தார். "போன எலெக்சன் பிளெக்ஸ் சார். ரோட்டோரம் கெடந்துச்சு. தூசிக்குப் போத்தியிருக்கேன்."

கூத்து என்னவென்றால், படத்தில் இருந்தவர் இப்போது அந்தக் கட்சியிலேயே இல்லை. கட்சி மாறிவிட்டார். பிரியாணியை எந்த வேட்பாளரின் செலவுக் கணக்கில் எழுதுவது என்று அதிகாரிகளுக்கே கொஞ்ச நேரம் குழப்பம்.

என்னிடம் கல்யாணப் பத்திரிகை இருந்தது. கொடுத்தேன். மண்டபத்துக்குப் போன் போட்டு விசாரித்தார்கள். ஒரு தேக்சாவைத் திறந்து காட்டச் சொன்னார்கள். "பாத்திஹா ஓதாம மூடி தெறக்கக் கூடாது சார்... தம்மும் போயிரும்" என்று காசிம் பாய் கெஞ்சிப் பார்த்தார். ஆனாலும் திறக்க வேண்டியதாயிற்று. ஆவிதான் வந்தது, நோட்டு வரவில்லை. அதிகாரி, "எங்க டூட்டி, பாய். தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. பேனரைப் பார்த்தும் அவர் கேட்காமல் இருந்திருந்தால்தான் தப்பு.

என் கோபம் வேறொருவர் மேல்.

இதெல்லாம் நடக்கும்போது பைக்கில் ஒரு இளைஞர் வந்து இறங்கினார். கையில் மைக். உள்ளூர் சேனல் ஒன்றின் நிருபர். பேனரை எடுத்தார். ஆவி பறக்கும் தேக்சாவை எடுத்தார். வேர்த்து விறுவிறுத்து நின்ற காசிம் பாயின் முகத்தைக் கிட்டத்தில் வைத்து எடுத்தார். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை அவரிடம் கேட்டாரா? இல்லை. அதிகாரி எங்களை விடுவித்தபோது அவரும் இல்லை, பைக்கும் இல்லை.

நாங்கள் மண்டபத்துக்குப் போய்ச் சேருவதற்குள் செய்தி எங்களை முந்திக்கொண்டு போய்விட்டது. பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருவர் போனை நீட்டினார். 'வாக்காளர்களுக்குப் பிரியாணி விருந்து? வேனோடு சிக்கிய சமையல்காரர்!' முழுத் திரையில் காசிம் பாய். ஓரமாகப் பத்திரிகையை நீட்டிக்கொண்டு நான். எனக்கு அவர்கள் கொடுத்த பட்டம் 'கட்சி நிர்வாகி?'

எனக்கு என்ன, நான் எழுதுகிறவன். திட்டு வாங்கிப் பழகிய தோல். காசிம் பாய்க்கு அப்படியா?

மறுநாள் காலையிலேயே தச்சநல்லூரிலிருந்து போன். அங்கே ஒரு மொத்த வியாபாரி, மகள் வரவேற்புக்குச் சமையல் சொல்லியிருந்தார். "தப்பா நெனைக்காதீய பாய். எனக்கு எல்லாக் கட்சிக்காரனும் வாடிக்கை. நாளைக்கு மண்டபத்து வாசல்ல பறக்கும் படை வந்து நின்னா நல்லா இருக்குமா? சேனல்ல வேற காட்டுதான்..." ஆர்டர் போயிற்று. மத்தியானம் இன்னொன்று. சாயங்காலத்துக்குள் அந்த மாதம் மொத்தமும் காலி. காசிம் பாய்க்கு வெங்காயம் உரிக்க வரும் பெண்களெல்லாம் மற்ற நாளில் வீட்டில் பீடி சுற்றுகிறவர்கள். கல்யாண மாதத்தில் கிடைக்கும் இந்தக் கூலியை நம்பித்தான் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும்போது துணிமணி. அவர்கள் வந்து, "என்ன மாமா, வேலை உண்டா இல்லையா?" என்று வாசலில் நிற்கிறார்கள்.

இத்தனைக்கும் காசிம் பாய் கட்சிக்காரர்களுக்கு அடுப்பே பற்றவைக்க மாட்டார். காரணம் கொள்கை அல்ல, அனுபவம். "தோத்தவன் காசு தரமாட்டான் அண்ணாச்சி. ஜெயிச்சவன் கண்ணுலயே படமாட்டான்" என்பார்.

அவரைக் கூட்டிக்கொண்டு சேனல் அலுவலகத்துக்குப் போனேன். பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன். மேனேஜர் மரியாதையாக உட்காரவைத்தார். ஏசி போட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"நாங்க தப்பா ஒண்ணும் சொல்லலையே சார். கடைசில கேள்விக்குறி போட்டிருக்கோம், பாருங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்கள் வீட்டுச் சுவரில் 'இவர் திருடனா?' என்று எழுதி நானும் ஒரு கேள்விக்குறி போடட்டுமா?" என்று கேட்டேன். சிரித்தார். பழக்கப்பட்ட சிரிப்பு.

"சரி, விசாரணையில் அது கல்யாணச் சாப்பாடு என்று தெரிந்துவிட்டது. அதையாவது சொல்லுங்கள்."

"மறுப்பெல்லாம் செய்தில போடுதது கஷ்டம் சார். எலெக்சன் டைம், ஸ்லாட் பூரா ஃபுல். வேணும்னா விளம்பரமா போட்டுரலாம்." ஒரு ரேட் சொன்னார். பிறகு குரலை இறக்கி, அக்கறையாகச் சொன்னார்: "ஆனா விளம்பரம்னா ஓரத்துல 'விளம்பரம்'னு எழுத்து வரும். பாக்கவன் நம்பமாட்டான். செய்தியாவே வரணும்னா அதுக்குத் தனி பேக்கேஜ் இருக்கு. கொஞ்சம் கூட ஆகும்."

புரிகிறதா உங்களுக்கு? விளம்பரம் மலிவு. செய்தி விலை கூடுதல்!

ஏன் கூடுதல்? அந்த மாடிப்படி இறங்குவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. வேட்பாளர் விளம்பரம் கொடுத்தால் அது அவர் செலவுக் கணக்கில் ஏறும். செய்தியாக வந்தால் ஏறாது. தேர்தல் நேரத்தில் டீக்கு ஒரு விலை, பொன்னாடைக்கு ஒரு விலை, பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு ஒரு விலை என்று அதிகாரிகள் நிர்ணயித்துக் கணக்குப் பார்க்கிறார்கள். நல்லது. ஆனால் அந்தச் சேனலில் தினமும் ராத்திரி அரைமணி நேரம் ஒரு வேட்பாளர் வயலில் இறங்கி நாற்று நடுகிறாரே, கன்றுக்குட்டிக்குப் புல் கொடுக்கிறாரே... பின்னணியில் புல்லாங்குழல் வேறு! அது எந்தக் கணக்கில் ஏறுகிறது? அதற்கு ஏன் ஒரு கேள்விக்குறியும் இல்லை? காசு வாங்கிப் போடும் செய்தியைக் கண்காணிக்க ஒரு கமிட்டி இருக்கிறதாம். அந்தக் கமிட்டி வீட்டில் டிவி இல்லையா? வேட்பாளர் இவ்வளவுக்கு மேல் செலவு செய்யக் கூடாது என்று சட்டம். கட்சிக்கோ அப்படி ஒரு வரம்பே கிடையாது. முன்வாசலைப் பூட்டிவிட்டு, கொல்லைப்புறக் கதவைக் கழற்றி வைத்த கதை.

ஒரு கல்யாண வேன் பிளெக்ஸைப் போர்த்திக்கொண்டு போனால் பிடித்துவிடலாம். செய்தியைப் போர்த்திக்கொண்டு போகும் விளம்பரத்தை எந்தச் சாவடியில் நிறுத்துவது?

கீழே டீக்கடையில் நின்று இதையெல்லாம் நான் காசிம் பாயிடம் கத்திக்கொண்டிருந்தேன். டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். செய்தி போடுவதற்கு முன் சம்பந்தப்பட்ட ஆளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், தப்பென்று தெரிந்தால் அதே இடத்தில் திருத்த வேண்டும், இதுதானே பத்திரிகை தர்மத்தின் அரிச்சுவடி என்றேன். எங்கள் தொழிலுக்கே இது கேவலம் என்றேன். "விடமாட்டேன் பாய், இந்த வாரம் என் பத்தியில் எழுதுகிறேன்" என்றும் வீராவேசமாகச் சொன்னேன்.

காசிம் பாய் டீயைக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு சின்ன நம்பிக்கை வந்திருந்தது. என் பக்கத்தில் வந்து, கடைக்காரருக்குக் கேட்காதபடி பையக் கேட்டார்:

"நல்லது அண்ணாச்சி. உங்க பத்தியில போடுததுக்கு எவ்வளவு ஆகும்?"

அவர் கிண்டல் செய்யவில்லை.