பேஸ் பெட்டியின் குமிழ்

என் கணவன் இரண்டு காரியங்களை நன்றாகச் செய்வான். ஒன்று பெட்டி செய்வது, இன்னொன்று என்னை அடிப்பது. அவன், இவன் என்று எழுதுவதற்கு யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். மூன்று வருஷம் 'அவர்' என்றுதான் சொன்னேன். மரியாதை அத்தோடு தீர்ந்துபோயிற்று.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அவன் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். கல்யாணத்துக்கு முன்னால் நானும் டி.வி.க்கு போர்டு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் ஈயம் உருக்கி ஒயர் பற்றவைக்கிற சால்டரிங் வேலை பார்த்தவள்தான். கண்டவனும் நிற்கிற இடத்துக்குத் தன் பெண்டாட்டி போகவேண்டாம் என்று நிறுத்திவிட்டான்.

அப்போதெல்லாம் பாட்டு காதில் கேட்டால் போதாது, நெஞ்சில் இடிக்க வேண்டும் என்று கம்பெனி ஆட்களுக்கு ஒரு பைத்தியம். இவனும் பிளைவுட்டை அறுத்து, பெங்களூரில் பழைய ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி, ஆம்ப்ளிஃபையர் போர்டை உள்ளே முடுக்கி, ஒரு சப் வூஃபர் செய்தான். பேஸ் பெட்டி என்பார்கள். சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் மேல்பக்கம் ஒரே ஒரு குமிழ். டேப் ரெக்கார்டர் தனியாகப் பாடினால் கொசு மாதிரிதான் இருக்கும். இந்தப் பெட்டியோடு சேர்த்துவிட்டால் பக்கத்து வீட்டுத் தட்டுமுட்டெல்லாம் ஆடும். நான் அதைத் தொடக்கூடாது, துடைக்கவும் கூடாது.

கோபம் வந்தால் முதலில் போய்க் குமிழைத் திருகுவான். பாட்டு எகிறியதும் நிதானமாகத் திரும்பி வந்து அடிப்பான். நான் கத்துவது எனக்கே கேட்காது. அந்த அடியைவிட அந்த நிதானத்தைத்தான் நான் வெறுத்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஸ்பேனர், சைக்கிள், ஃபேன், அரிவாள்மனை என்று வீட்டில் இருந்த எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தான். பேஸ் பெட்டிக்கு மட்டும் தனி கவனிப்பு. பன்னீரில் குழைத்த சந்தனத்தைக் கட்டைவிரலால் வழித்துக் குமிழைச் சுற்றி அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்து, தீர்த்தமும் தெளித்தான். சாமிக்கு வைத்த பொட்டு தானாக உதிர வேண்டும், நாமாகத் துடைக்கக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

அடுத்த வாரம் கோளாறு ஆரம்பித்தது. மெதுவாகப் பாடிக்கொண்டிருக்கும் பெட்டி, யாரும் தொடாமலே திடீரென்று முழுச் சத்தத்தில் அலறும். குமிழைத் திருகினாலும் அடங்காது. வெளியே லாரி போய்த் தரை அதிர்ந்தால் அலறல் நிச்சயம். அவன் ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்தான், ஒயர்களை மாற்றினான், டேப்பையே மாற்றிப் பார்த்தான். பொட்டு கலைந்துவிடும் என்று குமிழை மட்டும் கழற்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெட்டியைக் காட்டுவதற்காகக் கம்பெனி ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர்கள் முன்னால் அது அலறியது. ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர்கள் போகும்வரை பொறுத்திருந்துவிட்டு, என் தலைமுடியைச் சுற்றிப் பிடித்துச் சுவரில் மோதினான்.

"நான் இல்லாதப்ப இதெ நோண்டுனியாடி?"

"நான் தொடவே இல்லீங்க."

"பொய் பேசுற. சால்டரிங் தெரிஞ்ச திமிரு. இன்னொருக்கா இது கத்துச்சுன்னா, நோண்டுன கையெ ஒடிச்சு அடுப்புல வெச்சிருவேன்."

சொன்னதைச் செய்கிறவன். போன பொங்கலுக்குச் சொல்லிவிட்டுத்தான் என் சுண்டுவிரலை மடக்கினான். அது இன்றும் நேராக நீளாது. ஆகவே அடுத்த லாரி போகிறதுக்குள் நானே கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கை போய்விடும்.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைக் கவிழ்த்தேன். பயத்தில் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி உள்ளங்கையில் குத்தியது. சேலையில் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

குமிழுக்கு அடியில் இருக்கும் கன்ட்ரோலுக்கு மூன்று கால். சத்தம் ஒரு காலில் வந்து, நடுக்காலில் வெளியே போகும். மூன்றாவது கால்தான் மிஞ்சினதை இழுத்துக் கீழே தள்ளி அடக்கிவைப்பது. அது தொடர்பு விட்டால் சத்தத்தைப் பிடிக்க ஆளில்லை. தகர மூடியை நெம்பித் திறந்தேன். உள்ளே, அந்த மூன்றாவது கால் சேரும் இடத்தில், காய்ந்த சந்தனம் ஓடு கட்டியிருந்தது. அதன் விளிம்பில் குங்குமம். குமிழின் தண்டு வழியாகத் தீர்த்தத்தோடு சேர்ந்து இறங்கியிருக்கிறது. அவன் கட்டைவிரல் வேலை.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் தாடை வலித்தது. இதற்காகவா என் தலையைச் சுவரில் மோதினாய் என்று அந்த ஆணியடித்த பிளைவுட்டைப் பார்த்துக் கேட்டேன்.

பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, மறுபடி இறங்காதபடி மேலே குமிழைச் சுற்றியிருந்த பொட்டையும் சேர்த்துச் சுத்தமாகத் துடைத்து மூடினேன். பாட்டைப் போட்டு, அலறுகிறதா என்று பார்க்கக் குமிழைக் கடைசிவரை திருகினேன். சுவர் அதிர்ந்தது. குறைத்தேன், சொன்னபடி கேட்டது. மறுபடி கூட்டி, வெளியே எவ்வளவு தூரம் கேட்கிறது என்று பார்க்கக் கதவைத் திறந்து வந்தேன்.

பட்டப்பகலில் அந்த வரிசையில் ஒரு கதவுகூடத் திறந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் எல்லாம் திறந்திருந்தவை.

உள்ளே போய் நிறுத்தினேன். பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலில் தலையை நீட்டினாள். கன்னடக்காரி, தமிழும் பேசுவாள்.

"உன் ஊட்டுக்காரரு இல்லியா?"

"இல்லக்கா. எதுக்குக் கதவெல்லாம் சாத்திருக்கு?"

"உன் ஊட்டுல பாட்டு ஜோரா வந்தா அடி விழுதுன்னு எல்லாருக்கும் தெரியும் தங்கச்சி. கேக்க சங்கடமா இருக்கும். பாகிலு சாத்திக்குவோம்." கதவைத்தான் அப்படிச் சொன்னாள். "பாட்டு சத்தத்துல உன் சத்தம் கேக்கறதில்ல. கேட்டா மனசு தாங்காது."

எனக்கு அவன்மேல் வந்ததைவிட அதிகமாக அந்த வரிசைமேல் ஆத்திரம் வந்தது. உள்ளே வந்து சால்டரிங் அயர்னைச் சூடாக்கினேன். கன்ட்ரோலின் மூன்று ஒயர்களையும் வெட்டினேன். அவனுடைய டப்பாவிலிருந்து இரண்டு சின்ன ரெசிஸ்டர்களை எடுத்து அதன் இடத்தில் பற்றவைத்தேன். இனிப் பாட்டு ஒரே அளவில், பேச்சுச் சத்தத்துக்கும் கீழேதான் வரும். குமிழ் மேலே பழையபடி சுற்றும். அதற்குக் கீழே எதுவும் இல்லை.

அவன் கடைக்குப் போய்க் குடித்துவிட்டு, பொழுது சாயும்போது வந்தான். மெதுவாகப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சந்தனக் கறை படிந்த பஞ்சை அவன் முன்னால் நீட்டினேன்.

"இதாங்க கோளாறு. நீங்க வெச்ச சந்தனம் உள்ள எறங்கியிருக்கு. நான் நோண்டி வந்ததில்ல."

பஞ்சைப் பார்த்தான். குமிழைச் சுற்றிப் பொட்டு இல்லாததைப் பார்த்தான். ஒரு நிமிஷம் நம்பிவிட்டான் என்றுகூட நினைத்தேன்.

"சாமிக்கு வெச்சத கழுவுனியாடி?"

என் மணிக்கட்டைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். மறுகையால், எப்போதும்போல, குமிழைத் திருகினான்.

பாட்டு ஏறவில்லை. இன்னும் திருகினான். பெட்டி மெல்லிசாகப் பாடிக்கொண்டே இருந்தது. என் கையை விடாமல் பெட்டியை உதைத்தான், திரும்பவும் திருகினான். நான் கத்தினேன். மூன்று வருஷமாகப் பாட்டுக்குள் அமுங்கிப்போனதெல்லாம் சேர்ந்து வந்தது. என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

ஆட்கள் ஓடிவருகிற சத்தம் கேட்டது. பாட்டு எகிறாததால் கதவைச் சாத்துவதற்கு நேரமில்லை அவர்களுக்கு. முதலில் வந்தவள் பக்கத்து வீட்டு அக்காதான், களி கிளறிக்கொண்டிருந்த துடுப்போடு அப்படியே வந்தாள். சூடான கேழ்வரகு ஒட்டியிருந்த அந்தக் கட்டையால் அவன் தோளில் ஓங்கிப் போட்டாள். பிறகு ஆண்கள் வந்தார்கள். வாசலில் போட்டு அவனை அடித்த அடியைப் பார்த்து நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

வெளியே இழுக்கும்வரை அவன் குமிழை விடவில்லை. அது தண்டிலிருந்து கழன்று அவன் கையோடே போயிற்று.

வீங்கிய மணிக்கட்டைச் சேலைக் கிழிசலால் கட்டிக்கொண்டு, கிருஷ்ணகிரி பஸ் ஏறி, அங்கிருந்து ஊத்தங்கரைக்கு, அம்மா வீட்டுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டு வரை அந்த அக்கா கூடவே வந்தாள். கை உடையவில்லை. நான் கிளம்பும்போது பெட்டி அதே சின்னச் சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தது. யாரும் அதை நிறுத்தவில்லை.