வரைபடத்தில் ஏழு சென்டிமீட்டர்

எண்பத்தொன்பது மே மாதம். காலை ஏழேகால் மணிக்குச் சோழபுரத்தில் பஸ் ஏறினோம். நான், என்னிடம் எட்டாம் வகுப்பு முடித்த பேச்சியம்மாள், அவள் அப்பா அய்யனார். ராஜபாளையத்துக்கு ஒன்பது கிலோமீட்டர், டிக்கெட் ஒரு ரூபாய். ஜன்னலோர சீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு அவர் நின்றுகொண்டே வந்தார்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டோடு சரி. பொம்பளைப் பிள்ளையைத் தினமும் பஸ்ஸில் டவுனுக்கு அனுப்ப அய்யனாருக்கு மனசில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் விடுதி இருந்தது. அங்கே தங்கிப் படித்தால் படிக்கட்டும், இல்லாவிட்டால் ஜூன் மாதம் நூல் மில் வேலை என்று கறாராகச் சொல்லிவிட்டார். விடுதிக்கு ஒரு விதி உண்டு. வீடு பதினாறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும்.

அதைப்பற்றி எனக்குக் கவலையே இல்லை. மாவட்ட வரைபடத்தைத் தரையில் விரித்து, ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் என்று வருஷம் பூராவும் கத்தியிருக்கிறேன். நேர்கோட்டுக்கு ஸ்கேல், வளைகிற சாலைக்கு நூல். பாதிப் பிள்ளைகள் மில் வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். நூலைக் கையில் கொடுத்தால் போதும், வீட்டில் பார்த்த பழக்கத்தில் விண்ணென்று இழுத்து, அறுகிறதா என்று பார்க்கும். இழுத்தால் வளைவெல்லாம் நேராகித் தூரம் குறைந்துவிடும் என்று சொன்னால் ஏறவே ஏறாது. பேச்சி மட்டும் நூலை நனைத்து, ரோட்டின்மேல் வளைவுக்கு வளைவு படுக்கவைப்பாள். எங்கள் ஊரிலிருந்து ராஜபாளையம் சுற்றி ஸ்ரீவில்லிபுத்தூர், பத்து சென்டிமீட்டர், இருபது கிலோமீட்டர் என்று அவள் என்றைக்கோ கணக்குச் சொல்லிவிட்டாள்.

எட்டு மணிக்கு ராஜபாளையத்தில் பஸ் மாறினோம். பதினோரு கிலோமீட்டர், ஒரு ரூபாய் இருபது காசு. பேச்சி கிலோமீட்டர் கல்லை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தாள்.

"டீச்சரம்மா, இடம் கெடச்சிரும்லா?" என்று அய்யனார் கேட்டார்.

"இருபது கிலோமீட்டர் இருக்கு. கெடைக்காம எங்க போகும்?" என்றேன்.

"ஏட்டி, கெடச்சா வரும்போது பால்கோவா வாங்கித் தாரேன்" என்றார் மகளிடம்.

விடுதி மடவார் வளாகம் கோயிலுக்குப் போகிற வழியில் இருந்தது. ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வார்டன் நல்ல மாதிரிதான், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். சுவரில் எங்கள் வகுப்பில் இருக்கிற அதே வரைபடம்.

"ரோட்டுத் தூரம் கணக்கில்ல டீச்சர். படத்துல ஊருக்கு ஊர் நேர்கோடுதான் எடுப்போம்" என்றவர், ஸ்கேலைப் பேச்சியிடமே நீட்டினார். "நீயே அளந்து சொல்லும்மா."

நேர்கோடு பதினாறைத் தொடாது என்று எனக்குப் பட்டது. பேச்சி ஸ்கேலின் முனையை வைக்காமல், நான் சொல்லிக்கொடுத்தபடி பூஜ்யத்தைச் சரியாகச் சோழபுரத்துப் புள்ளியில் வைத்தாள். கை நழுவட்டும், தப்பாகச் சொல்லு தாயி என்று மனசுக்குள் கெஞ்சினேன். வாத்தியாராக இருந்துகொண்டு இப்படி வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

"ஏழு சென்டிமீட்டர். பதினாலு கிலோமீட்டர், டீச்சர்" என்றாள். வகுப்பில் சொல்வதுபோல என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"கரெக்ட். பிள்ளைக்கு நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க" என்றார் வார்டன்.

"இவ என்ன பறந்தா வரப்போறா?" என்று சத்தம் போட்டேன். இந்த விதியை நான் எழுதவில்லை என்றார் அவர். எழுந்து வெளியே வந்தோம்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்ததும் அய்யனார் கால் கிலோ பால்கோவா வாங்கி மகள் மடியில் வைத்தார். அவள் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

"பிள்ள தப்பா அளந்துட்டாளோ டீச்சரம்மா?"

"இல்ல. சரியாத்தான் அளந்தா."

"அப்பம் சரி" என்றார். என்னை இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ராஜபாளையத்தில் மத்தியானப் பஸ் வரவே இல்லை. வெயிலில் நின்றோம். மூன்றரைக்கு வந்த பஸ்ஸில் மில் ஷிப்ட் முடிந்த பெண்கள் தலையில் பஞ்சோடு ஏறினார்கள். "செத்த தள்ளி உக்காரு" என்று ஒருத்தி பேச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணின் கையையே பேச்சி பார்த்துக்கொண்டு வந்தாள்.

பதினோரு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறிய நாங்கள் ஊரில் இறங்கும்போது மணி நாலரை. பதினாலு கிலோமீட்டர்.