ஐசா மீக்கிள் தேடிய பெயர்

எங்கள் நாடாளுமன்றத்தைப் பற்றிப் புதிதாக ஒரு புத்தகம் வந்தால், முதல் வாரம் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதை வாங்க வருவதில்லை. நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராகப் புதுப் புத்தக மேசைக்கு வருவார்கள். புத்தகத்தை எடுத்துப் பின்னாலிருந்து திறப்பார்கள். எந்த ஆள் எந்தப் பக்கத்தில் வருகிறார் என்று அகரவரிசையில் கடைசியில் ஒரு பெயரடைவு போட்டிருக்கும் அல்லவா, அதில் தன் பெயரைத் தேடுவார்கள். இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் நின்றபடி படித்துவிட்டு, புத்தகத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இல்லையென்றால் முகம் தொங்கிவிடும். இவனெல்லாம் வரலாறு எழுத வந்துவிட்டானே என்று என்னிடம் அலுத்துக்கொள்வார்கள். நானா எழுதினேன்?

முன்னாள் உறுப்பினர், அவருக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தவர், பத்திரிகைக்காரர் என்று எடின்பரோவில் எல்லாருக்கும் இதே பழக்கம். எனக்கும் தொற்றிக்கொண்டது. லீத் வாக் தெருவில் முப்பது வருஷமாகப் புத்தகக் கடை நடத்துகிறேன். அந்த மேசையில் இருந்த ஒரு புத்தகத்தைக்கூட முன்னாலிருந்து படித்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. ஐசா மீக்கிளுக்கு அந்தப் பழக்கத்தைக் காட்டிக்கொடுத்த பாவியும் நான்தான்.

ஐசா நான் படித்த ஆரம்பப் பள்ளியில் மதியச் சாப்பாடு பரிமாறியவர். ஆள் குள்ளம், குரல் பெரிது. தட்டில் முட்டைக்கோஸை ஒதுக்கி வைத்தால் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வார், அது காலியாகும்வரை நகரமாட்டார். அதனால் எனக்கு ஐம்பது வயதான பிறகும் நான் அவருக்கு 'டேய் ஃபெர்கஸ்'தான். அவர் எனக்கு 'மிஸஸ் மீக்கிள்'தான். வேறு மாதிரி கூப்பிட எனக்கு வாய் வந்ததே இல்லை.

அவர் கணவர் ஆர்ச்சி பஸ் ஓட்டினார். குழந்தை இல்லை. ஐசா பேசுவார், ஆர்ச்சி தலையாட்டுவார், அப்படி ஒரு குடித்தனம். அரசியலில் மட்டும் ஆர்ச்சி தலையாட்ட மறுத்தார். அப்போது எங்களை லண்டன் நாடாளுமன்றம்தான் ஆண்டது. எழுபத்தொன்பதில் எங்களுக்கென்று சொந்தமாக ஒரு மன்றம் வேண்டுமா என்று லண்டன் ஓட்டெடுப்பு வைத்தது. போட்டவர்களில் பாதிக்கு மேல் வேண்டும் என்றார்கள். அது போதாது, பட்டியலில் உள்ள மொத்தப் பேரில் நூற்றுக்கு நாற்பது பேராவது வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு விதி. வீட்டில் படுத்துக்கிடந்தவனும் வேண்டாம் என்றவன் கணக்கில் சேர்ந்தான். ஐசாவின் அம்மா அந்த ஜனவரியில்தான் இறந்திருந்தார், பெயர் பட்டியலில் அப்படியே இருந்தது. "எங்கம்மா உசுரோட இருந்தவரைக்கும் ஒருத்தருக்கும் ஓட்டுப் போட்டதில்ல, செத்தப்புறம் வந்து வேணாம்னு போட்டுட்டா" என்று ஐசா ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்தார். ஆர்ச்சி சிரிக்கவில்லை. அவருக்கு அது பதின்மூன்று வருஷம் நெஞ்சில் கிடந்தது.

தொண்ணூற்றிரண்டு தேர்தலிலும் மன்றம் தர மறுத்த கட்சியே லண்டனில் ஜெயித்தபோது, கால்ட்டன் மலையடிவாரத்தில், மன்றத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பழைய பள்ளிக் கட்டடத்துக்கு எதிரே, சில பேர் ஒரு குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். மன்றம் வரும்வரை எழுந்திருக்க மாட்டோம் என்றார்கள். இரும்புப் பீப்பாயில் தீ மூட்டினார்கள். அந்தத் தீ அணையக் கூடாது. ஆர்ச்சி எந்தக் கட்சியிலும் இல்லை, ஆனால் விடிகாலைக் காவல் முறையைத் தனக்கென்று வாங்கிக்கொண்டார். துறைமுகத்தில் கிடக்கும் உடைந்த மரச்சட்டங்களைத் தோளில் சுமந்து போவார். தீயைக் கிளறிவிட்டு, அங்கிருந்தே நேராக பஸ் எடுக்கப் போவார். ஐசா பார்லி சூப்பும் ரொட்டியும் கொடுத்தனுப்புவார். மழை, பனி, கடலிலிருந்து ஏறி வரும் மூடுபனி, எதுவும் பார்ப்பதில்லை. ஐந்தாவது குளிர்காலத்தில் மார்பில் சளி கட்டியது. தொண்ணூற்றேழு பிப்ரவரியில் போய்விட்டார். செப்டம்பரில் மறுபடி நடந்த ஓட்டெடுப்பு ஜெயித்தது, மன்றம் உறுதியானது. ஏழே மாதம். யாரைப் போய்க் கேட்பது?

தீயை அணைத்த அன்று ஐசா போயிருந்தார். பெரிய மனிதர்கள் பேசினார்கள். வந்தவர், போனவர், போராடியவர் அனைவருக்கும் நன்றி என்றார்கள். ஆர்ச்சியின் பெயரை யாரும் சொல்லவில்லை. மறதிதான், வஞ்சகம் இல்லை, ஆனால் ஐசாவுக்கு அது ஆறவில்லை.

பிறகு புத்தகங்கள் வரத் தொடங்கின. ஒருநாள் ஐசா கடைக்கு வந்து, தடிமனான ஒன்றை முதல் பக்கத்திலிருந்து விரலால் தடவிக்கொண்டே நின்றார். கால் வலிக்க அரைமணி நேரம். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். சொன்னார். நான்தான் பெரிய மேதாவி மாதிரி புத்தகத்தை வாங்கிப் பின்னால் திருப்பி, பெயரடைவைக் காட்டி, இங்கே பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும் என்றேன்.

எங்கள் நாட்டுக் குடும்பப் பெயர்களில் ஆங்கில 'எம்' எழுத்தில்தான் நெரிசல். மக் என்று தொடங்குகிறவர்களே ஒன்றரைப் பக்கம் அடைத்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களைத் தாண்டித்தான் மீக்கிளுக்கு வர வேண்டும். ஐசாவின் விரல் ஒவ்வொரு மக்காக இறங்கி, மீக்கிள் இருக்க வேண்டிய இடத்தில் நின்று, அடுத்த பெயருக்குப் போய்விடும்.

"இத்தன மக் பயலுகளுக்கு எடம் இருக்கு, எம்புருஷனுக்கு இல்ல," என்பார். புத்தகத்தை மூடி, மேசையில் நேராக அடுக்கிவிட்டு, மழைத் தொப்பியைக் கட்டிக்கொண்டு போவார். வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ புத்தகம். இருபது வருஷம் இப்படி வந்தார். ஒரு புத்தகத்தில் அந்தத் தீப்பீப்பாயின் படம் இருந்தது. பக்கத்தில் குனிந்து நிற்கும் ஆளின் முதுகு தெரிந்தது. கீழே 'பெயர் தெரியாத ஆதரவாளர்' என்று போட்டிருந்தார்கள். படத்தில் அந்த ஆளின் கழுத்தில் கிடந்த கம்பளித் துண்டை ஐசா விரலால் தொட்டுப் பார்த்தார், அவரே பின்னியது. அன்று புத்தகத்தை அடுக்கி வைக்காமலே போனார்.

ஒருமுறை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், ஒரு பெயருக்காக இத்தனை அலைச்சல் தேவையா என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"சிலை வைக்கச் சொல்லலடா. ஒரு வரி போதும். நான் இருக்குறவரைக்கும் அவரு அங்க நின்னாருன்னு நான் சொல்லுவேன். எனக்கப்புறம் யாரு சொல்லுவா?"

அதன்பிறகு புதுப் புத்தகம் வந்தால் நானே முதலில் பார்த்துவைத்துக்கொள்வேன். அவர் கதவைத் திறக்கும்போதே இல்லை என்று தலையசைத்துவிடுவேன். அப்படியும் தன் விரலால் ஒருமுறை பார்க்காமல் போகமாட்டார். கண்ணின் நடுப்பார்வை மங்கிப்போன பிறகுதான் அதையும் என்னிடம் விட்டார்.

அந்தச் சமயத்தில் ரோனா டஃப் வந்தாள். பல்கலைக்கழகத்தில் வரலாறு சொல்லித்தரும் பெண், மன்றம் வந்த கதையைச் சாதாரண ஜனங்கள் வாயால் எழுதப்போகிறேன் என்றாள். ஐசாவின் முகவரியைக் கொடுத்தேன். இரண்டு மதியங்கள் ஐசா வீட்டில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். ஐசா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார், மரச்சட்டம், சூப்பு, இருமல் உட்பட. மறுநாள் கடைக்கு வந்து, அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, ரெண்டு தடவை அழுதுச்சு என்றார். அந்த ஒன்றரை வருஷம் அவர் நடையே மாறிவிட்டது. புத்தகம் எப்போது வரும், எப்போது வரும் என்று நச்சரித்துவிட்டார். தாள் செய்ய இன்னும் மரமே வெட்டவில்லை என்று நான் கேலி செய்வேன்.

புத்தகம் வந்த வாரம் ஐசா ஆஸ்பத்திரியில் இருந்தார். இதயம் ரத்தத்தைச் சரியாகத் தள்ளவில்லை, இனி அதிகமில்லை என்று நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ரோனா கனடாவில் மூன்று மாதம் பாடம் எடுக்கப் போயிருந்தாள். நான் பெட்டியைப் பிரித்து ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஓடினேன். வழியில் திறக்கவில்லை. அவர் முன்னால் திறக்க வேண்டும் என்று ஓர் ஆசை.

ஐசா புத்தகத்தை வாங்கி மோந்து பார்த்தார். கனம் பார்த்தார். என்னிடம் கொடுத்தார்.

"பாருடா."

நான் பின்னால் திருப்பினேன். எம் எழுத்துக்குப் போனேன். மக், மக், மக். பிறகு மெல்வில். மறுபடி மேலிருந்து வந்தேன். ஆர்ச்சி என்று ஏ எழுத்தில் போட்டிருப்பார்களோ என்று அங்கேயும் பார்த்தேன். இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஆனால் சாப்பாட்டுக்கூடத்தில் முட்டைக்கோஸை மேசைக்கடியில் தள்ளியதைக்கூடக் கண்டுபிடித்தவர் அவர். அவரிடம் நான் பொய் சொன்னதே இல்லை.

"இல்லீங்க மிஸஸ் மீக்கிள்."

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தடவ பாத்துட்டேன்."

அவர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். ரோனாவை, என்னை, இந்த ஊரையே திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்ப நாந்தான் சரியாச் சொல்லலபோல," என்றார். "சூப்பு அது இதுன்னு என் பெருமையவே பேசிட்டேன். அந்தப் புள்ளைக்கு அவரத் தெரியாமப் போச்சு. என் தப்புதான்டா."

அதெல்லாம் இல்லை, அடுத்த பதிப்பில் போடச் சொல்லலாம் என்று எதையோ உளறினேன். அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாம் நாள் இறந்துபோனார். சீஃபீல்டில் தகனம். பதினோரு பேர் வந்தோம். சடங்கு முடிந்து மூலையில் நின்று தேநீர் குடிக்கும்போது ரோனாவின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது.

ரோனா ஊர் திரும்பியதும் கடையில் அவளை அழைத்து ஒரு கூட்டம் வைப்பதாக முன்பே ஏற்பாடு. ரத்து செய்ய நினைத்தேன், நாற்பது பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அவளை அறிமுகப்படுத்தி நாலு வார்த்தை பேச வேண்டுமே என்று, கூட்டத்தன்று மத்தியானம், வேண்டாவெறுப்பாகப் புத்தகத்தை எடுத்தேன். பேச வேண்டும் என்பதால், வாழ்க்கையில் முதல்முறையாக முன்னாலிருந்து திறந்தேன்.

முன்னுரையின் முதல் வாக்கியமே ஆர்ச்சி மீக்கிள்தான். ஆர்ச்சி மீக்கிள் என்ற பஸ் ஓட்டுநர் ஐந்து குளிர்காலம் விடியற்காலையில் இந்த நாட்டின் தீயை அணையாமல் காத்தார் என்று எழுதியிருந்தாள். ஆறு பக்கம். மரச்சட்டம் இருந்தது. சூப்பு இருந்தது. செத்தும் ஓட்டுப் போட்ட அம்மா இருந்தார். ஐசா சொன்னதை ஐசா சொன்ன மாதிரியே எழுதியிருந்தாள். அந்தப் பெயர் தெரியாத முதுகின் படமும், கீழே பெயருடன் இருந்தது.

முன்னுரைப் பக்கங்களுக்கு ரோமன் எண். பெயரடைவு தயாரித்தவர் ஒன்றாம் பக்கத்திலிருந்துதான் தொடங்கியிருக்கிறார், முன்னுரையில் வந்த பெயர்கள் அடைவில் ஏறவில்லை. பல புத்தகங்களில் அப்படித்தான் செய்வார்கள். முப்பது வருஷம் புத்தகம் விற்றவனுக்குத் தெரியாத விஷயமா இது? முதல் அட்டையைப் புரட்டியிருந்தால் போதும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நான் கடைக் கதவைச் சாத்திவிட்டு, மேசைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

ரோனா அரைமணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டாள். ஐசா இறந்த செய்தி அவளுக்கு எட்டியிருந்தது. கண் சிவந்திருந்தது. கோட்டைக் கழற்றாமலே என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டு முகவரிக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தாளாம், ஆஸ்பத்திரியில் இருந்தது தெரியாதாம்.

"அவங்க பாத்தாங்களா?" என்று கேட்டாள்.

அன்று ஆஸ்பத்திரியில் ஐசாவிடம் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இவளிடம் சொன்னேன்.

"பாத்தாங்கம்மா. நாந்தான் பக்கத்துல உக்காந்து வாசிச்சேன்."

"என்ன சொன்னாங்க?"

மேசையில் இருந்த பிரதிகளை நேராக அடுக்கினேன்.

"நாஞ் சரியாத்தான் சொல்லியிருக்கேன்னு சொன்னாங்க."

அந்தப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு துடைத்துக்கொண்டு, நல்லவேளை, நல்லவேளை என்று சொல்லிச் சிரித்தாள். ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். நான் நாற்காலி போடப் போனேன்.