சித்தப்பா பிடித்த பந்து

எங்கள் லயனில் ஒரு கேட்ச் என்பது ஞாயிற்றுக்கிழமை திடலில் பிடிக்கப்பட்டு, அடுத்த சனிக்கிழமை வரை சர்பத் கடையில் விசாரிக்கப்படும் விஷயம். பந்து கையில் இருந்ததா, நழுவியதா, நழுவியது தரையைத் தொட்டதா, தொடுமுன் மறுகை வந்து தாங்கியதா என்று ஓயாமல் பேசுவார்கள். பார்க்காதவர்கள்தான் அதிகம் சத்தம் போடுவார்கள். ஐம்பதுகளின் நடுவில் சிராங்கூன் சாலைக்குப் பின்புறம் லயன் என்கிற தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்த எனக்குக் கிரிக்கெட் என்றாலே அந்தச் சத்தம்தான்.

அந்த வழக்குகளுக்கெல்லாம் நீதிபதி என் அப்பா. இலாகாவில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. ஞாயிறு வந்தால் அம்பயர். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த வெள்ளைக் கோட்டு அவருக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கும். பந்துகளை எண்ணப் பையில் ஆறு புளியங்கொட்டை. "டாக்டர் வந்துட்டாருப்பா, இன்னிக்கு யாரு சாகப் போறான்?" என்று ஆட்டக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அப்பா சிரிக்கமாட்டார். கோட்டைப் போட்டுக்கொண்டால் அவருக்கு அண்ணன் தம்பி கிடையாது என்று அம்மா சொல்வாள். அதைப் பெருமையாகச் சொல்கிறாளா, நொந்துகொண்டு சொல்கிறாளா என்று என்னால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

அப்பாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. கேட்ச் பிடித்ததைத் தன் கண்ணால் சரியாகப் பார்க்கவில்லை என்றால், பிடித்தவனிடமே போய்க் கேட்பார். அவன் பிடித்தேன் என்றால் அவுட். இல்லை என்றால் இல்லை. ஒரு முறை எதிரணிப் பையன் ஒருவன் கூசாமல் பிடித்தேன் என்று சொல்ல, எங்கள் அணித் தலைவரையே வெளியே அனுப்பினார். அது பொய் என்று திடலுக்கே தெரியும். "அவன் சொல்லிட்டான், இனிமே அது அவன் பாடு" என்று முடித்துவிட்டார். இரண்டு அணிகளும் திட்டிக்கொண்டே இதற்குக் கட்டுப்பட்டன.

என் சித்தப்பா அப்போது எங்கள் வீட்டு முன்னறையில்தான் படுத்துக்கொள்வார். அதே இலாகாவில் நாள்கூலி. சித்தி ஊரில் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது கப்பலேறி வந்தவர். நான்கு வருஷமாகியும் மகளின் முகத்தைப் பார்த்ததில்லை. கடிதத்தோடு வந்த ஒரு புகைப்படத்தை எங்கள் வீட்டுக் கண்ணாடியின் ஓரத்தில் செருகிவைத்திருந்தார். காலையில் தலை சீவும்போது தன் முகத்தைப் பார்ப்பதைவிட அதைத்தான் அதிகம் பார்ப்பார். வேலை நிரந்தரமானால் குடியிருப்பில் ஓர் அறை கிடைக்கும். அறை கிடைத்தால் அவர்களை அழைத்துக்கொள்ளலாம்.

தங்கள் அணிக்கு நன்றாக விளையாடுகிறவர்களை நிரந்தரமாக்கி வைத்துக்கொள்வது அந்தக் காலத்து இலாகாக்களின் வழக்கம். சித்தப்பா மட்டை பிடித்தால் நன்றாகவே அடிப்பார். கைதான் ஓட்டை. போன ஆட்டத்தில் இரண்டு கேட்சை விட்டிருந்தார். "பந்தைப் பிடிக்கத் தெரியாதவனை அணியில் வைத்து என்ன செய்வது? இன்னும் ஓர் ஆட்டம் பார்க்கிறேன்" என்று இலாகாவின் வெள்ளைக்காரத் துரை சொன்னதாகச் செய்தி வந்தது. அன்றிலிருந்து சித்தப்பா வேலை விட்டு வந்ததும் என்னைப் பின்வாசலில் நிற்கவைத்து, பழைய டென்னிஸ் பந்தை மேலே எறியச் சொல்வார். எறிந்து எறிந்து என் தோள்பட்டை வலித்தது. சித்தி வந்தால் என்னோடு விளையாட ஒரு தங்கச்சி வருவாள் என்பதால் பொறுத்துக்கொண்டேன். ஆட்டத்தன்று அம்மா, "பொட்டப்புள்ளைக்குத் திடல்ல என்னடி வேலை?" என்று தடுத்தாள். பந்து எறிந்த உரிமையில் நானும் போனேன்.

ஃபேரர் பார்க் திடலில் துரை கூடாரத்துக்கு அடியில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் கடைசி ஆள் வரை இழுத்துக்கொண்டு போனது. இன்னும் மூன்று ஓட்டம் எடுத்தால் எதிரணி ஜெயித்துவிடும். ஒரு விக்கெட் விழுந்தால் நாங்கள் ஜெயிப்போம். நான் எல்லைக்கோட்டை ஒட்டிச் சித்தப்பாவின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் எனக்கு முன்னால் சற்றுத் தள்ளி நின்றிருந்தார்.

பந்து உயரமாக எழும்பி எங்கள் பக்கம் வந்தது. சித்தப்பா திரும்பி என்னை நோக்கி ஓடிவந்தார். திடல் முழுவதற்கும் அவருடைய முதுகுதான் தெரிந்தது. முகம் எனக்கு மட்டும். பாய்ந்தார். பந்து இரண்டு கைக்குள்ளும் வந்தது. நான் எழுந்தே விட்டேன். விழுந்த வேகத்தில் முழங்கை தரையில் இடித்தது. பந்து வெளியே வந்து புல்லில் கிடந்தது. ஒரு கண் சிமிட்டும் நேரம்தான். அள்ளியெடுத்துக்கொண்டு எழுந்து, கையை உயர்த்தினார்.

"அவுட்டு லா! அவுட்டு!" என்று எங்கள் ஆட்கள் குதித்தார்கள். எதிரணித் தலைவர் மட்டையோடு நடுவிலிருந்து கத்தினார்: "கிராணியாரே, கீழ பட்டுடுச்சு! அது கேட்ச் இல்ல!" அவராலும் பார்த்திருக்க முடியாது. குத்துமதிப்பாகத்தான் சொன்னார்.

அப்பா அந்த நீளக் கோட்டோடு திடலின் நடுவிலிருந்து நடந்து வந்தார். அவ்வளவு தூரத்தையும் அவசரமில்லாமல் நடந்தார். சித்தப்பாவின் எதிரில் நின்றார். அவர்களுக்குப் பத்தடி தூரத்தில் நான்.

"தம்பி, நான் பாக்கல. நீ சொல்லு. புடிச்சியா?"

சித்தப்பா தலையைத் திருப்பிக் கூடாரத்தைப் பார்த்தார். "புடி..." என்று வாயெடுத்தார். சொல் பாதியில் நின்றது. அவருக்குப் பேச்சு வரவில்லை, நாம்தான் உதவ வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. சட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"புடிச்சாங்கப்பா! நான் பாத்தேன். கீழ படவே இல்ல. அம்மன் சத்தியமா!"

யாரும் என்னைக் கேட்கவில்லை. அப்பா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. சித்தப்பாதான் பார்த்தார். நான் பார்த்தது அவருக்குத் தெரியும். அவ்வளவு நேரம் அவர் என்னைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. கண்ணாடி ஓரத்துப் படத்தைப் பார்க்கிற பார்வை அது. பிறகு கையிலிருந்த பந்தை அப்பாவிடம் நீட்டினார்.

"இல்லண்ணே. வுட்டுட்டேன். தரையில பட்டுடுச்சு."

அப்பா பந்தை வாங்கிக்கொண்டு, "நாட் அவுட்" என்று திடலுக்குக் கேட்கும்படி சொன்னார். தம்பி சொன்னதைச் சொல்லவில்லை. அடுத்த பந்தில் எதிரணிக்காரன் நான்கு ஓட்டம் அடித்தான். துரை தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அந்த வாரம் சர்பத் கடையில் அப்பாவை உரித்தெடுத்தார்கள். தம்பி பிடித்தேன் என்றுதான் சொல்லியிருப்பான், இவர்தான் கொடுக்கவில்லை, கூடப் பிறந்தவன் வயிற்றில் அடித்தவர் என்றார்கள். நடந்ததைச் சொன்னால் போதும், சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எனக்கும் அவர் மேல் ஆத்திரம்தான். அப்படிப் போய் எதிரில் நின்று மிரட்டினால் யார்தான் உண்மையைச் சொல்லமாட்டார்கள்? ஒன்பது நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். சித்தப்பாவோ என்றும்போல அவருக்கு வெந்நீர் எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். மாலையில் பந்து எறியச் சொல்வது மட்டும் நின்றுபோயிற்று. கண்ணாடியில் படமும் இல்லை. பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

வேறொருவர் வேலையை விட்டுப் போன இடத்தில் சித்தப்பா நிரந்தரமாக இன்னும் இரண்டு வருஷம் பிடித்தது. சித்தியும் பிள்ளையும் கப்பலில் வந்து இறங்கிய அன்று நாங்கள் எல்லோரும் துறைமுகத்துக்குப் போயிருந்தோம். ஆறு வயதுப் பெண். சித்தப்பா கை நீட்டியதும் சித்தியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "இது யாரும்மா?" என்று கேட்டாள். சித்தப்பா நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவள் பக்கத்தில் போய், "உங்கப்பாதான். கிரிக்கெட்ல பெரிய ஆளு. அன்னிக்கே ஜோரா கேட்ச் புடிச்சாங்க. எங்கப்பாதான் குடுக்கல. இல்லன்னா நீ எப்பவோ வந்திருப்பே" என்றேன்.

சித்தப்பா அந்தப் பெண்ணுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தார். மகளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

"அக்கா எம்மேல உள்ள பாசத்துல சொல்றா. அப்பா புடிக்கலம்மா. வுட்டுட்டேன்."

அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அண்ணனுக்கு இன்னும் பயப்படுகிறார், பாவம் என்றுதான் நினைத்தேன். அன்று திடலில் பாதி வெளியே வந்துவிட்ட அந்தச் சொல்லை அவர் திரும்ப விழுங்கியது என் பொய்ச் சத்தியத்தைக் கேட்டபிறகுதான் என்பது, பதினோரு வயதிலும் எனக்கு விளங்கவில்லை.