அன்வர் பாஷா கெடுத்த மான் தோல்

அன்வர் பாஷாவுக்கு வலது தோள் எப்போதும் வலிக்கும். ஆட்டுத்தோலை மரக்கட்டை மேல் மயிர்ப் பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, வயிற்றால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் சதையையும் கொழுப்பையும் தள்ளித் தள்ளி எடுக்க வேண்டும். சவ்வு மிச்சமிருந்தால் உப்பு இறங்காது. உப்பு இறங்காவிட்டால் பதனிட ராணிப்பேட்டைக்கு லாரி ஏறுவதற்குள் தோல் நாறிவிடும். இதைப் போய் "சும்மா சுரண்டுற வேலைதானே" என்கிறவர்களை ஒரு பக்ரீத் வாரம் அந்தக் கட்டை முன்னால் நிறுத்த வேண்டும் என்பது என் ஆசை. என் டீக்கடை அவர் வேலை பார்த்த தோல் மண்டிக்கு எதிரில்தான் இருக்கிறது.

ஓட்டை விழாமல் சுத்தம் செய்வதில் அவருக்குப் பெரிய பேர். மண்டி முதலாளி முபின், சின்ன வயசுக்காரன், இவரை வைத்திருந்ததே அந்தக் கைக்காகத்தான்.

போன சித்திரையில் முபின் ஒரு கோணியைக் கொண்டுவந்து போட்டான். உள்ளே மான் தோல். கிரிவலப் பாதையில் வண்டி அடித்துச் செத்த மானாம்.

"வேங்கிக்கால்ல ஒரு பெரிய மனுஷர் கேக்கறாரு பாய். மேல உக்காந்து தியானம் பண்ணணுமாம். சுத்தம் பண்ணி உப்பு போட்டுக் குடுங்க, போதும்."

"ஃபாரஸ்ட்காரங்க புடிச்சா ஜெயிலுங்க முதலாளி."

"யாரு சொல்லப் போறாங்க? முடியலைன்னா சொல்லிடுங்க, வேற ஆளை வச்சிக்கறேன்."

தியானம் செய்ய அந்தப் பெரிய மனுஷருக்கு ஒரு கோரைப்பாய் கிடைக்கவில்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டினால் அவர் போகமாட்டார், முபினும் போகமாட்டான். ரத்தக் கையோடு நிற்கிறவர்தான் போவார். மறுத்தாலோ, அந்தத் தள்ளாத வயதில் வேறு யார் வேலை தருவார்கள்?

அன்வர் பாஷா ஒரு வழி யோசித்தார். தோலில் ஓட்டை போட்டுவிட்டால் யாரும் வாங்கமாட்டார்கள். முடியாதென்று சொன்ன மாதிரியும் இருக்காது. தோலைக் கட்டையில் போட்டார். விலாப் பக்கம் மெலிசு, கத்தியைக் கொஞ்சம் சாய்த்தால் போதும். கை சாயவே இல்லை. ஒவ்வொரு தடவையும் கத்தி சவ்வை மட்டும் எடுத்துக்கொண்டு வழுக்கிப் போனது. "சொன்ன பேச்சே கேக்கலைம்மா, சனியன்" என்று பிறகு என்னிடம் கையைத் திட்டினார். கடைசியில் தோல் முழுக்கச் சுத்தமாகிவிட்டது. சலித்துப்போய், இப்படியாவது கெடட்டும் என்று உப்பே போடாமல் சுருட்டித் தகரக் கூரைக்கு அடியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அந்த வெயிலுக்கு மறுநாளே தொட்ட இடத்தில் எல்லாம் மயிர் கையோடு வந்தது. முபின் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தான்.

"என்ன பாய் இது?"

"சவ்வு நின்னுடுச்சு போல. உப்பு ஏறலை. முன்ன மாதிரி கண்ணு தெரியலைங்க."

திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. முபின் அவர் தோளில் கை வைத்தான்.

"உங்களுக்கு முடியலை பாய். நீங்களே சொல்லிட்டீங்க. இனிமே வீட்ல இருங்க. இது போனா போவுது. ஆனா ஆட்டுத்தோலையும் இப்படிக் கெடுத்தீங்கன்னா நான் என்ன பண்றது?"

அடுத்த வாரமே கட்டை முன்னால் வேறு ஆள் நின்றான். நடந்ததை எல்லாம் அன்வர் பாஷா என் கடையில் உட்கார்ந்துதான் சொன்னார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"வேணும்னுதான் கெடுத்தேன்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க பாய். பேராவது மிஞ்சும்."

அவர் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே எதிரே பார்த்தார்.

"இப்ப போயி சொன்னா, வேலைக்காகப் பொய் சொல்றான் கெழவன்னுவாங்க, ஜோதியம்மா."