கோர்தோபாவில் கழற்றிய சப்பாத்து

தொண்ணூற்றாறில், அகதியாக வந்த எனக்குக் கனடா பாஸ்போட் கிடைத்ததும், ஸ்காபரோவிலிருந்து கணவரோடு தென் ஸ்பெயினின் பழைய ஊர்களைப் பார்க்கப் போனேன். அங்கே திருடர் பயம் என்றார்கள். பாஸ்போட்டைச் சப்பாத்துக்குள், உள் அட்டையின் கீழே ஒளித்து வைத்தேன்.

கோர்தோபாவில், முன்பு மசூதியாக இருந்த பெரிய தேவாலயத்துக்குப் போனோம். வாசலில் என்னையறியாமல் சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். திரும்பி வந்தால் சப்பாத்தைக் காணவில்லை.

"எல்லாரும் சப்பாத்தோடைதானே போகினம், நீர் ஏன் கழட்டினீர்?" என்று கணவர் கத்தினார்.

"சாமி இருக்கிற இடமெல்லே!"

அந்த ஊர்ப் பாஷை ஒரு சொல்லும் தெரியாது. கொதிக்கும் கல்லில் வெறுங்காலோடு நின்று அழுதேன். கடைசியில், கூட்டுகிற பெண் என் காலைப் பார்த்துவிட்டுத் தன் குப்பைப் பையைத் திறந்து காட்டினாள். சப்பாத்தும் பாஸ்போட்டும் அதற்குள் இருந்தன.

இப்போது பயணங்களில் பாஸ்போட் என் கழுத்தில் தொங்கும். சப்பாத்தை இன்னும் வாசலில்தான் கழற்றுகிறேன்.