ஆந்தையின் இடது கண்

பயம் வந்தால் மற்றவர்களுக்கு நா வறண்டுபோகும். எனக்கு நாக்கு நீளும். கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைப்பவனுக்கு இது ஒருவகையில் உதவிதான். மாப்பிள்ளையின் அப்பா முறைக்கும்போது உள்ளே நடுங்கிக்கொண்டே எதையாவது சொல்லிவைப்பேன், கூட்டம் சிரிக்கும், அந்த நேரம் பார்த்து பட்டனை அழுத்திவிடுவேன். அப்படி ஓடிக்கொண்டிருந்த வாய் ஒரு திங்கட்கிழமை காலையில் நின்றுபோனது. அதற்குக் காரணம் ஒரு துணி ஆந்தை. அதைச் செய்தது நான்.

என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. அவளும் ஊரில் இன்னும் சிலரும் சேர்ந்து, கிணற்றில் விழுந்த மானையும் வண்டியில் அடிபட்ட மயிலையும் தூக்கிவந்து பிழைக்கவைக்கிறார்கள். திருமயம் கோட்டைச் சுவரிலிருந்து ஆந்தைக் குஞ்சு விழுந்தால் முதல் போன் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அப்படி வந்த குஞ்சு ஒன்றை எங்கள் குளியலறையில் வைத்திருந்தாள். அது பறந்துபோகும்வரை நான் என் ஸ்டுடியோவுக்குப் பின்னால் இருக்கும் குழாயடியில் குளித்தேன். சோப்புப் போட்டு முகம் கழுவிக் கண்ணைத் திறந்தால் எதிரே இன்னொரு ஜோடிக் கண் இருப்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியாது.

அடிபட்ட பறவைகளுக்கு ஒரு வலைக்கூண்டு கட்ட வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. அதற்காக வீட்டிலேயே பொருள்கள் செய்து விற்பது என்று முடிவானது. மொட்டைமாடி முழுக்க ஆவாரம்பூவும் ரோஜா இதழும் காய்ந்தன. பாசிப்பயறும் கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் சேர்த்துக் குளியல் பொடி அரைத்தார்கள். கரிசலாங்கண்ணி போட்டு எண்ணெய் காய்ச்சினார்கள். எனக்குத் தரப்பட்ட பொறுப்பு காக்கா விரட்டுவது. கலைஞனை இப்படிப் பயன்படுத்தலாமா என்று கேட்டு, நானாகவே ஒரு துறையைத் தொடங்கினேன். பீரோவில் துணிக்கு நடுவே வைக்கிற வாசனைப் பை. உள்ளே வெட்டிவேர், காய்ந்த நொச்சி இலை, தட்டிய வசம்பு. வெளியே ஆந்தை உருவம். தையற்கடையில் மிஞ்சிய கைத்தறித் துண்டுகளில் நானே வெட்டி நானே தைத்தேன்.

கண்தான் சிக்கல். சட்டைப் பட்டன் வைத்துப் பார்த்தேன். கண்ணாடி போட்ட தாசில்தார் மாதிரி இருந்தது. அப்போதுதான் ஸ்டுடியோவுக்குப் பின்வேலியில் படர்ந்திருந்த குன்றிமணிக் கொடி கண்ணில் பட்டது. காய் வெடித்து, சிவப்பு மணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் பொட்டு. சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்கு வைக்கிற அதே கண். பிள்ளையாருக்கே வைக்கிறோம், ஆந்தைக்கு வைத்தால் என்ன? பிள்ளையாரை யாரும் வாயில் போட்டுச் சப்புவதில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

பசை வைத்து ஒட்டினால் உதிர்ந்தது. என்னிடம் அரைகுறை வேலையே கிடையாது. கோணி ஊசியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, மணியைக் குறட்டில் பிடித்து, ஒவ்வொன்றிலும் துளை போட்டேன். நைலான் நூல் கோத்து, பின்பக்கம் இழுத்து முடிச்சுப் போட்டேன்.

"ஒட்டுனாப் போதாதாங்க?" என்றாள் மனைவி.

"தரம்மா, தரம். ஆந்தை பிஞ்சாலும் கண்ணு பிய்யாது."

சித்தன்னவாசலில் ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாக் கூட்டம் வரும். அங்கே ஒரு மேசை போட்டோம். பொடியும் எண்ணெயும் மளமளவென்று போயின. ஆந்தைகள் வரிசையாக உட்கார்ந்து போகிறவர்களை முறைத்துக்கொண்டிருந்தன.

"ஏங்க, காசு குடுத்து ஆந்தைய வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போகச் சொல்றீங்களா?" என்றார் ஒருவர்.

"நல்லதுங்க. எங்க வீட்லயே ஒண்ணு இருக்கு" என்று மனைவியின் பக்கம் கண்ணைக் காட்டினேன்.

"ரெண்டு இருக்கு. ஒண்ணு பகல்லயும் தூங்கும்" என்றாள் அவள், பொடியை நிறுத்துக்கொண்டே.

சாயந்திரம் கடை கட்டுகிற நேரத்தில் ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு வந்தாள். பொன்னமராவதிக்குப் பக்கத்துக் கிராமம், புருஷன் சிங்கப்பூரில், தம்பியோடு வண்டியில் சுற்றிப்பார்க்க வந்திருந்தாள். குழந்தை ஓர் ஆந்தையின் காதைப் பிடித்தது, விடவில்லை. அந்த நாளில் விற்ற ஒரே ஆந்தை அதுதான். குளியல் பொடி தீர்ந்துபோயிருந்ததால், அரைத்ததும் கொண்டுவந்து தருவதாகச் சொல்லி வீட்டு அடையாளமும் போன் எண்ணும் வாங்கிக்கொண்டேன். 'ஆந்தைத் தங்கச்சி' என்று பதிந்தேன். குழந்தையும் ஆந்தையுமாக ஒரு படமும் எடுத்தேன்.

மறுநாள் காலை அந்தப் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தேன். நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் என் பள்ளிக்கூட நண்பன் கூப்பிட்டான்.

"மாப்ள, பொம்மைக்குக் கண்ணு என்னடா வச்சிருக்க?"

"குன்றிமணி. முழிய பாத்தியா? எப்புடி?"

"அது வாயிக்குள்ள போனா என்னாகும்னு தெரியுமா?"

"ஆந்தைய எதுக்குடா வாயில வைக்கணும்?"

"நீ வைக்க வேணாம். அந்தப் புள்ள வச்சிருக்கு, பாரு."

படத்தைப் பெரிதாக்கினேன். குழந்தையின் வாயில் ஆந்தையின் காது. காதுக்கு ஒரு விரற்கடை கீழே, நல்ல வெளிச்சத்தில், துல்லியமாக, என் வேலைத்திறனுக்குச் சாட்சியாக, இடது கண்.

"வெசம்டா அது" என்றான் அவன். "மேல்தோலு கெட்டி. முழுசா முழுங்கிட்டா சில நேரம் அப்புடியே வெளிய வந்துரும். தோலு ஒடஞ்சாத்தான் ஆபத்து." பிறகு கேட்டான்: "ஒட்டித்தான வச்ச? ஓட்டை கீட்டை போடலல்ல?"

நான் அடுப்பைப் பார்த்தேன். குறடு இன்னும் அதன் பக்கத்திலேயே கிடந்தது.

வாய் நின்றது அப்போதுதான். ஆந்தைத் தங்கச்சிக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்ற மனைவியிடம் போனைக் காட்டி, பிறகு அடுப்பைக் காட்டி, பிறகு என் வாயைக் காட்டினேன். ஊமை நாடகம் போடுகிறேன் என்று முதலில் நினைத்தாள். என் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தாள்.

"வண்டிய எடுங்க" என்றாள்.

பொன்னமராவதி சாலையில் நான் ஓட்டியதை ஓட்டுவது என்று சொல்ல முடியாது. வண்டி தானாகப் போனது, நான் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். மனத்துக்குள் செய்தித்தாள் அச்சாகிக்கொண்டே வந்தது. 'விலங்குகளைக் காக்கப் புறப்பட்டவர் கைது.' அதற்குக் கீழே என் படம். அதையும் நான்தான் எடுத்திருப்பேன், வெளிச்சம் சரியாக இருக்காது. இப்படி யோசித்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன். திட்டி முடிப்பதற்குள் அந்தக் குழந்தையின் பல்லில்லாத சிரிப்பு நினைவுக்கு வரும். பல்லில்லை, அதனால் மெல்ல முடியாது என்று ஒரு நிம்மதி. மெல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் நான்தான் துளை போட்டுக் கொடுத்திருக்கிறேனே என்று அடுத்த நொடி. பின்னாலிருந்து மனைவி போன் போட்டுக்கொண்டே வந்தாள். யாரும் எடுக்கவில்லை.

அவள் சொல்லியிருந்த அடையாளம்: பால் சொசைட்டிக்கு எதிர் வீடு, நீலக் கதவு. கதவு திறந்திருந்தது. உள்ளே தூளி. தூளிக் கயிற்றில் என் ஆந்தை தொங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அது ஒரு கண்ணால் முறைத்தது.

ஒரே ஒரு கண்ணால். இடது கண் இருந்த இடத்தில் ஓர் ஓட்டை.

தூளித் துணியை விலக்கிக் குழந்தையின் மூக்கடியில் விரலை வைத்தேன். என் விரல் ஆடிய ஆட்டத்தில் மூச்சு அதனுடையதா என்னுடையதா என்று தெரியவில்லை. விரல் மூக்கில் இடித்தது. குழந்தை விழித்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தியது. என் வாழ்நாளில் நான் கேட்ட மிக இனிமையான சத்தம் அது.

கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு ஓடிவந்தாள். "அண்ணே, நீங்களா? பொடி கொண்டாந்தீங்களா?"

நான் ஆந்தையைக் காட்டினேன். மனைவிதான் சொன்னாள், சுருக்கமாக, ஒன்றையும் மறைக்காமல். சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் முகம் மாறியதை நான் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்தேன். அவள் குழந்தையை வாரி எடுத்து வாய்க்குள் விரல் விட்டுத் துழாவினாள்.

"நேத்துத் தூங்க வைக்கிறப்ப ரெண்டு கண்ணும் இருந்துச்சுக்கா. காலைல ஒருவாட்டி கக்குனான். பாலுன்னு நெனச்சுத் தொடச்சு விட்டேனே."

அதைக் கேட்டதும் நான் தரையில் உட்கார்ந்தேன். பாயைத் தூக்கினேன், மூலையைத் துழாவினேன், உரலுக்கு அடியில் கையை விட்டேன். ஒரு பல்லி ஓடியது. வேறெதுவும் இல்லை.

"தேடுறத அப்பறம் தேடிக்கலாம், எந்திரிங்க" என்றாள் மனைவி. "அந்த ஆந்தையையும் எடுத்துக்கங்க. டாக்டருக்குக் காட்டணும்."

பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏறினோம். பெண்கள் இருவரும் குழந்தையோடு பின்னால். நான் முன்னால், ஓட்டுநரின் சீட்டில் கால்வாசியில், ஆந்தையை மடியில் வைத்துக்கொண்டு. அவர் சாலையைப் பாதியும் அதைப் பாதியுமாகப் பார்த்து ஓட்டினார்.

"அத அங்கிட்டுத் திருப்பிப் பிடிங்க சார். ஒத்தக் கண்ணுல பாக்குது."

திருப்பிப் பிடித்தேன். இப்போது அது என்னைப் பார்த்தது.

அரசு மருத்துவமனையில் இருந்த டாக்டரம்மா சின்ன வயது. எங்களைத் திட்டி நேரத்தைக் கழிக்காமல் குழந்தையை வாங்கி வயிற்றை அழுத்திப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். முழுங்கியதை யாராவது பார்த்தீர்களா என்றார். யாரும் பார்க்கவில்லை.

"இது உடனே காட்டாது. மணிக்கணக்கு ஆகலாம், நாளைக்குக்கூட ஆகலாம். இப்ப சிரிக்கிறான்னு விட முடியாது" என்றவர், புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஆம்புலன்ஸ் சொன்னார். குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க எனக்குக் குளிர் எடுத்தது.

வராந்தா பெஞ்சில் ஆந்தையோடு உட்கார்ந்தேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. ஆந்தையைப் பிசைந்தேன், திருப்பினேன். முதுகில் ஒரு நைலான் நூல் நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் போட்ட முடிச்சு இவ்வளவு நூலை வெளியே விடாது. கண் முன்பக்கமாகப் பிய்ந்திருந்தால் நூலும் அதோடு போயிருக்க வேண்டும். குழந்தை பின்னாலிருந்து இழுத்தால்?

நூலை இழுத்தேன். உள்ளே எதுவோ தடுத்தது.

நர்ஸிடம் கத்தரிக்கோல் கேட்டேன். எதற்கு என்றார். "ஆந்தைக்கு ஆபரேஷன்" என்றேன். வாய் திரும்பி வந்துவிட்டது, வரக் கூடாத நேரத்தில். மனைவி எழுந்துவந்து கத்தரிக்கோலை வாங்கி, செய்தித்தாளை விரித்து, ஆந்தையின் வயிற்றைக் கிழித்தாள். நொச்சியும் வசம்பும் வெட்டிவேருமாக வராந்தா முழுக்க நெடி. காத்திருந்தவர்கள் தும்மினார்கள். நான் இலைத்தூளை விரலால் விலக்கிக்கொண்டே போனேன். வேர், இலை, வேர், காம்பு. பிறகு, நூல் கோத்தபடியே, வெட்டிவேரில் சிக்கி, சிவப்பாக ஒன்று.

கண் வைக்கிற இடத்தில் துணியைப் பெரிதாக வெட்டிவிட்டு, மணியை வைத்து மறைத்திருந்தேன். ஓட்டை தெரியவில்லை என்று எனக்கு நானே பாராட்டும் சொல்லிக்கொண்டேன். குழந்தை முதுகு நூலை இழுக்க, கண் அந்த ஓட்டை வழியாக வயிற்றுக்குள் போய்விட்டது. என் கவனம் அந்தக் குழந்தையைக் கொல்லப் பார்த்தது. என் கவனக்குறைவு காப்பாற்றியது.

டாக்டரம்மா மணியை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் போட்ட துளையைத் தவிர வேறு கீறல் இல்லை. "இன்னொண்ணு பொம்மையிலயே இருக்கு. ரெண்டுதான வச்சீங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ரெண்டுதான் மேடம். ஆந்தைக்கு..."

மனைவி பார்த்தாள். மிச்சத்தை விழுங்கினேன்.

ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றார். ஆனால் சாயந்திரம்வரை குழந்தை அங்கேயே இருக்கட்டும், கக்கினானே, பார்த்துக்கொள்வோம் என்றார். அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, ஆந்தையக் காப்பாத்துங்க, மயிலக் காப்பாத்துங்க. எங்களுக்கு மட்டும் எதுவும் செஞ்சு குடுக்காதீங்க."

தலையாட்டினேன். சாயந்திரம் குழந்தை நன்றாகப் பால் குடித்துவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தது. பட்டன்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன்.

"அதத் தூரப் போட்டுட்டு வாங்க" என்றாள் மனைவி, ஆந்தையிலிருந்து எடுத்து நான் கையில் வைத்திருந்த இரண்டு மணிகளைக் காட்டி. ஆஸ்பத்திரி வாசலில் நின்று இடம் தேடினேன். குப்பைத்தொட்டியைக் கிளறிக்கொண்டு ஒரு மாடு. சாக்கடை ஓரம் கோழிகள். வேப்பமரத்தடியில் கட்டியிருந்த ஆடு, என் கையில் என்ன என்று கழுத்தை நீட்டியது. சட்டைப் பையிலிருந்த மெமரி கார்டு டப்பாவில் இரண்டையும் போட்டு மூடி எடுத்துவந்தேன்.

வீட்டில் மிச்சமிருந்த ஆந்தைகளின் கண்களை மனைவி ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துத் தந்தாள். எல்லாம் அதே டப்பாவுக்குள். வந்த இடத்திலேயே போட்டுவிடலாம் என்று ஸ்டுடியோவின் பின்பக்கம் போனேன். வேலி முழுக்கக் காய்கள் வெடித்திருந்தன. நூற்றுக்கணக்கில் சிவப்பு, எல்லாவற்றிலும் ஒரு கறுப்புப் பொட்டு. ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன்.

"என்ன, எண்ணிக்கிட்டு இருக்கீங்களா?" பின்னாலிருந்து மனைவி.

"இல்ல. எதுலயும் ஓட்டை இல்லன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. டப்பாவை அங்கே கொட்டவும் மனம் வரவில்லை. ஸ்டுடியோ மேசையின் இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். சாவி என் அரைஞாண் கயிற்றில் இருக்கிறது. குழந்தைகள் யாராவது மடியில் ஏறினால் முதலில் அதைத்தான் பொத்திக்கொள்கிறேன்.